கள்வன் எவ்வாறு உண்டாகிறான்?

சென்ற மாதம் ஒரு நாட்காலை, பிரட்டு முடிந்து நான் செக்ரோலில் பேர் பதிந்துகொண்டிருந்த வேளையில், ஆபீஸ் வாசலில் ஓர் இளைஞன் வந்து நின்றான். வயது இருபத்துநான்கு இருக்கும். அவனை நான் உடனே அறிந்துகொண்டேன். அவனும் நான் அறிந்துகொண்டதை அறிந்தான்.

“கிராணி ஐயா, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. அவர்கள் வெட்டும் நிரையை நான் எடுத்துக்கொள்ளலாமா?” என்று கேட்டான்.

மேனேஜரிடம் சொல்லிப் பார்க்கிறேன் என்று கூறி அனுப்பிவிட்டேன். மேனேஜர் கேட்டவுடன், “பழைய புத்தகத்தைப் பார்த்து ஒரு குறிப்பு எழுதிக் கொடுங்கள்” என்றார். பழைய புத்தகத்தில் என்ன இருக்கும் என்பதைப் பார்க்காமலே நான் சொல்லியிருப்பேன். ஏனெனில், அதை எழுதியவன் நான்தான்.

எட்டு வருஷங்களுக்கு முன் அந்தப் பையன் ஸ்டோருக்குப் பின்புறமிருந்து ஒரு சாக்குக் கட்டிப்பாலை எடுத்துச் சென்றான். எடை 18 கிலோ. காவற்காரர் பிடித்துவந்தார். ஆபீஸ் தாழ்வாரத்தில் கூட்டம் கூடிவிட்டது. அன்று அங்கே எழுந்த பேச்சுக்கள் இன்றும் என் காதில் இருக்கின்றன. “நாலு சாத்துச் சாத்தி ஜெயிலில் போட்டால் புத்தி வரும்” என்றார் ஒருவர். “அவன் பிறந்த குலம் அப்படி; அவனைச் சொல்லிக் குற்றமில்லை” என்றார் மற்றொருவர். “வீட்டில் உலை கொதிக்காவிட்டால் பிள்ளை என்ன செய்யும்?” என்றாள் ஒரு கிழவி. “பட்டணத்துச் சேர்க்கை” என்றார் நான்காமவர். நான் ஒன்றும் சொல்லவில்லை, எழுதினேன். பேருக்கு எதிரே சிவப்பு மையில் “கள்வன்” என்று ஒரே ஒரு சொல்.

போலீஸ் வந்தது. வயது பதினாறே ஆனதால் சிறுவர் நீதிமன்றம் நன்னடத்தைப் பிணையில் விட்டது. பள்ளிக்கூடத்துக்கு அவன் திரும்பிச் செல்லவில்லை.

இந்த ஒரு மாத காலமாக இரவு நேரங்களில் குற்றவியல் நூல்களைப் பட்டணத்து நூல்நிலையத்திலிருந்து வாங்கிப் படித்துவருகிறேன். ஆங்கிலப் பள்ளியிற் படித்த படிப்பு இதற்காவது உதவட்டும் என்று எண்ணினேன். படிக்கப் படிக்க எனக்கு வியப்பாயிருந்த சங்கதி ஒன்று உண்டு. அன்று தாழ்வாரத்தில் நின்ற நால்வரும் அறியாமலே பேசியவை, மேனாட்டு அறிஞர்கள் இருநூற்றைம்பது வருஷங்களுக்கு மேலாக வாதித்துவரும் நான்கு கொள்கைகளேயாம். அவற்றை நேயர்களுக்கு எடுத்துரைப்பதும், அவற்றால் என் தவற்றை நான் கண்டவாற்றைச் சொல்லுவதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலாமவர் கொள்கை தண்டனையைப் பற்றியது. 1764-ம் ஆண்டில் இத்தாலி தேசத்து மிலான் நகரத்தைச் சேர்ந்த பெக்காரியா என்னும் இளைஞர், குற்றங்களையும் தண்டனைகளையும் பற்றிச் சிறு நூல் ஒன்று வெளியிட்டார். சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்குவது நீதிமன்றங்களின் வழக்கமாயிருந்த காலம் அது. ஆதலால் தம் பெயரைப் போடாமலே அச்சிட்டார். மனிதன் நன்மை தீமைகளை எண்ணிப் பார்த்து நடப்பவன். ஆகவே குற்றத்தால் வரும் ஆதாயத்தைக் காட்டிலும் தண்டனையால் வரும் துன்பம் சிறிது மிகுந்திருந்தாற் போதும். கொடுமை வேண்டுவதில்லை என்பது அவர் வாதம். தண்டனை தப்பாமல் வருமென்ற உறுதியும், தாமதமின்றி வருதலுமே மனிதனைத் தடுக்கும். மரண தண்டனையும் சித்திரவதையும் கூடாவென்றும் துணிந்து எழுதினார். இங்கிலாந்தில் பெந்தாம் என்பவர் இவ்வழியை மேலும் விரித்துரைத்தார்.

அவர் சொன்னது மெய்யென்பதற்கு இங்கிலாந்தின் சரித்திரமே சாட்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே இருநூறுக்கு மேற்பட்ட குற்றங்களுக்குத் தூக்குத் தண்டனை இருந்தது. 1808-ம் ஆண்டு வரையில் முடிச்சவிழ்த்தவனையும் தூக்கிலிடலாம். விளைந்த பயன் யாது? ஒரு வீட்டில் 40 ஷில்லிங் திருடினால் தூக்கு என்று சட்டம் சொல்லிற்று. ஜூரிகளோ மனம் பொறாது, களவு போன பொருளின் மதிப்பு 39 ஷில்லிங் என்று தீர்ப்புச் சொன்னார்கள். தண்டனை கொடுமையாக ஆக, அது நிச்சயமின்றிப் போயிற்று. நம் மலேசியாவிலும் நீதிபதிக்கு வேறு வழியின்றி விதிக்கப்பட்டுவந்த கட்டாய மரண தண்டனை 2023-ம் ஆண்டில் நீக்கப்பட்டது. பெக்காரியா எழுதி இருநூற்றைம்பது வருஷங்களுக்குப் பின்னும் அந்த வாதம் முடிந்தபாடில்லை.

விரைவு என்று அவர் சொன்னது அவசரமன்று. விசாரியாமலே கோவலனைக் கொல்வித்த பாண்டியன் கதை நமக்குத் தெரிந்ததே. குற்றம் நிச்சயமான பின் தாமதியாதே என்பதே அவர் கருத்து. எனினும் இக்கொள்கையில் ஒரு குறையுண்டு. அன்று அந்தப் பையன் ஆதாய நஷ்டக் கணக்குப் பார்த்தா சாக்கைத் தூக்கினான்? நம் பீனல் கோட் 379-ம் பிரிவில் களவுக்கு ஏழு வருஷம் வரை சிறை விதிக்கலாம் என்பது அவனுக்குத் தெரியாது. தாழ்வாரத்தில் நின்ற எவருக்கும் தெரியாது.

இரண்டாமவர் கொள்கையே மிகவும் கொடியது. 1876-ம் ஆண்டில் லொம்பிரோசோ என்னும் இத்தாலிய வைத்தியர், குற்றவாளி பிறவியிலேயே வேறுபட்டவன் என்று நூல் எழுதினார். வில்லெல்லா என்ற ஒருவனுடைய மண்டையோட்டின் பின்புறத்தில் ஒரு குழியைக் கண்டாராம். அதிலிருந்து, குற்றவாளி ஆதிமனிதனுடைய நிலைக்குத் திரும்பிப் பிறந்தவன் என்று முடிவு கட்டினார். பெரிய தாடை, நீண்ட கை, விகாரமான காது இவையெல்லாம் அடையாளங்களாயின. குற்றத்தை விட்டுக் குற்றவாளியை ஆராயவேண்டும் என்று சொன்ன வகையில் அவரால் ஒரு நன்மையும் உண்டு. அளந்தும் எண்ணியும் பார்க்கும் முறை அதனால் வலுப்பெற்றது. அந்த முறையே அவரை வீழ்த்திற்று. இங்கிலாந்தின் சிறை வைத்தியராகிய கோரிங் என்பவர் ஏறக்குறைய 3,000 கைதிகளை அளந்து, பிற மக்களுடைய அளவுகளோடு ஒப்பிட்டு, பிறவிக் குற்றவாளி என்றொரு தனி உடலமைப்பு இல்லையென்று 1913-ம் ஆண்டில் நூல் வெளியிட்டார்.

ஆனால் மண்டையோட்டை அளவாமலே, குலத்தைக் கேட்டு மனிதனைக் கள்வனாக்கிய ஓர் அரசாங்கம் இருந்ததை நாம் மறக்கலாகாது. இந்தியாவில் பிரிட்டிஷார் 1871-ம் ஆண்டில் குற்றப் பரம்பரைச் சட்டம் இயற்றினர். 1911-ம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரைச் சீமையில் பிரமலைக் கள்ளர் கிராமங்களில் ஆண்மக்கள் கைரேகை பதியவேண்டுமென்றும், இரவில் போலீஸ் கண்காணிப்பில் இருக்கவேண்டுமென்றும் கட்டளை பிறந்தது. ஜனங்கள் அதனை ரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். 1920-ம் ஆண்டு ஏப்ரல் 3-ந் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை பதிய மறுத்து நின்ற மக்கள்மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அச்சட்டம் சென்னையில் 1947-ம் ஆண்டிலும், இந்தியா முழுவதிலும் 1952-ம் ஆண்டிலுமே ஒழிந்தது. பிறந்த குழந்தை எக்குற்றம் செய்தது? பிறப்பினால் ஒருவன் உயர்ந்தவன் என்பது எத்துணைப் பொய்யோ, பிறப்பினால் ஒருவன் கள்வன் என்பதும் அத்துணைப் பொய். “குலம் அப்படி” என்று அன்று ஒருவர் சொன்னபோது நான் மறுத்துப் பேசியிருக்கவேண்டும். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

மூன்றாவதாகப் பேசிய கிழவியின் பக்கம் பெரிய படையே இருக்கிறது. பெல்ஜிய தேசத்துக் கெட்லெ என்னும் கணித அறிஞர் 1835-ம் ஆண்டில் ஒன்றைக் காட்டினார்; தனி மனிதன் எப்போது குற்றம் செய்வான் என்று யாராலும் சொல்ல முடியாதாயினும், ஒரு தேசத்தின் மொத்தக் குற்றங்கள் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே தொகையாய் வருகின்றன. அப்படியானால் காரணத்தைச் சமூகத்தின் அமைப்பிலும் தேடவேண்டும். அமெரிக்காவில் மெர்ட்டன் 1938-ம் ஆண்டில் இன்னும் நுட்பமாய் உரைத்தார். வறுமை மட்டும் களவை உண்டாக்குவதில்லை. பணமே பெருமை என்று எல்லாருக்கும் போதித்துவிட்டு, பணம் தேடும் நேர்வழியைச் சிலருக்கே திறந்து வைக்கும் சமூகம்தான் களவை விளைவிக்கிறது.

சிகாகோ நகரத்தில் ஷாவும் மக்கேயும் செய்த ஆராய்ச்சி நம்மவர் ஊன்றிப் படிக்கத்தக்கது. அந்நகரின் சில வட்டாரங்களில் சிறுவர் குற்றம் எக்காலமும் மிகுந்திருந்தது. அங்கே ஒரு தேசத்தார் குடியிருந்து வெளியேற, வேறு தேசத்தார் வந்தனர். அவர்களும் போக மற்றொரு சாரார் வந்தனர். மக்கள் மாறியும் வட்டாரத்தின் நிலை மாறவில்லை. வெளியேறிய மக்களின் பிள்ளைகளோ நல்ல இடம் சேர்ந்தபின் குற்றம் குறைந்தவர்களாயினர். 1942-ம் ஆண்டில் இது நூலாய் வந்தது. எனவே குற்றம் இரத்தத்தில் இல்லை. கூட்டமைப்புக் குலைந்த இடத்தில் இருக்கிறது.

இதை ஏன் வற்புறுத்துகிறேன்? 2013-ம் ஆண்டில் நம் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டது. கும்பல்களைச் சேர்ந்தவர்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் இந்தியர் என்று சொல்லப்பட்டது. நாமோ ஜனத்தொகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதைக் கேட்டு நம்மவரே “நம் இனம் அப்படி” என்று தலையில் அடித்துக்கொண்டனர். இது லொம்பிரோசோவின் பழைய பல்லவியன்றி வேறென்ன? தோட்டங்கள் விற்கப்பட்டு, துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டபோது, கோயிலும் பள்ளிக்கூடமும் பந்துத் திடலும் ஒரே நாளில் இழந்து, பட்டணத்தோரத்துக் குடிசைகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சென்ற குடும்பங்கள் எத்தனை! லயத்தில் ஒரு பிள்ளை தவறினால் கண்டிக்கப் பத்து மாமன் மாமி இருந்தார்கள். அடுக்குமாடியில் அண்டை வீட்டார் பெயரும் தெரியாது. அந்த வெறுமையில் கும்பல்காரன் அண்ணனாய் வந்து நிற்கிறான்.

நான்காமவர் சொன்ன சேர்க்கைக்கும் ஆதரவுண்டு. சதர்லாந்து என்னும் அமெரிக்கப் பேராசிரியர், குற்றமும் தச்சு வேலை போலக் கற்றுக்கொள்ளப்படுவதே என்றார். நெருங்கிப் பழகுகிறவர்களிடமிருந்து, செய்யும் வழியோடு, செய்தால் தவறில்லை என்னும் சமாதானத்தையும் சேர்த்தே மனிதன் கற்கிறான். இக்கொள்கையைப் படித்தபோது அந்தப் பையனுடைய சிநேகிதர்களைத்தான் முதலில் நினைத்தேன். பின்னர்த்தான் என்னை நினைத்தேன். அதற்குக் காரணமுண்டு.

அதே சதர்லாந்து, 1949-ம் ஆண்டில் வெள்ளைக் காலர்க் குற்றம் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அமெரிக்காவின் 70 பெரிய கம்பெனிகளுக்கு எதிராக நீதிமன்றங்களும் அரசாங்கக் கமிஷன்களும் செய்த முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தார். ஒரு முடிவாவது பெறாத கம்பெனி அவற்றில் ஒன்றும் இல்லை. வெளியிட்டவர்கள் பயந்து கம்பெனிகளின் பெயர்களை நீக்கிவிட்டே அச்சிட்டனர். பெயர்களோடு கூடிய பதிப்பு 1983-ம் ஆண்டில்தான் வந்தது. களவு ஏழைகளின் தொழில் என்னும் எண்ணத்தை இந்நூல் உடைத்தது.

இதை வாசித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. எங்கள் பால் நிறுக்கும் கொட்டகையில் ஒரு வழக்கம் இருந்துவந்தது. தராசில் 23 கிலோ 700 கிராம் காட்டினால் 23 என்றே பதிவோம். கிலோவுக்குக் குறைந்ததைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இவ்வேலையில் எனக்கு முன் இருந்தவரிடம் நான் கற்ற முதற்பாடம் அது. “சில்லறையை எழுதினால் கணக்கு முடியாது, தம்பி” என்று அவர் அன்போடு சொல்லிக்கொடுத்தார். செய்யும் வழியும் சமாதானமும் ஒருங்கே வந்தன. சதர்லாந்து சொன்னது இதுதானே!

அன்றிரவு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். பால்வெட்டுக்காரர் 42 பேர். ஆளுக்குச் சராசரி அரைக் கிலோ என்றாலும் நாளொன்றுக்கு 21 கிலோ. மாதம் 24 நாள் வேலையென்றால் 504 கிலோ. அவ்வளவு பாலுக்கும் வெட்டியவர்களுக்குக் கூலியில்லை. அந்தப் பையனுடைய தாயார் பங்கு மாதம் 12 கிலோ. கட்டிப்பாலின் விலை வேறு, பாலுக்குரிய கூலி வேறு என்பதை நான் அறிவேன். எனினும் அவன் தூக்கிய 18 கிலோவுக்குச் சிவப்பு மை. நான் பல வருஷங்களாய்த் தாழ்த்தி எழுதியதற்கோ மாதாமாதம் சம்பளம். என் பேருக்கு எதிரே எந்தப் புத்தகத்திலும் ஒரு சொல் எழுதப்படவில்லை.

எது குற்றம் என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்னும் கேள்வி இங்கே எழுகிறது. நம் முன்னோரில் பலர் ஒப்பந்தக் கூலிகளாய் இந்நாட்டுக்கு வந்தனர். ஒப்பந்த காலம் முடியுமுன் தோட்டத்தை விட்டுப் போனவன் அன்றைய சட்டப்படி குற்றவாளி; அவனுக்குச் சிறை. 1910-ம் ஆண்டில் அம்முறை நிறுத்தப்பட்டது. வேலையை விட்டு விலகுவது இன்று எவருக்கும் குற்றமன்று. செயல் ஒன்றே, சட்டம் மாறிற்று. 1963-ம் ஆண்டில் நூல் எழுதிய பெக்கர் என்பவரும் அவரைச் சார்ந்தவர்களும் இதையே தங்கள் கொள்கையாகக் கொண்டனர். ஒரு செயலுக்கும் அதைச் செய்தவனுக்கும் சமூகம் பெயர் சூட்டுகிறது. பெயர் சூட்டியபின் அவனை அப்பெயராலேயே நடத்துகிறது. நல்ல வழிகள் அடைபட, அவனும் அப்பெயருக்கு ஏற்றவனாகிறான் என்பர் அவர்கள்.

இதற்கு நூற் சான்று எனக்கு வேண்டியதில்லை. அந்தப் பையன் பிடிபட்டு இரண்டு வருஷங்களுக்குப் பின், அண்டைத் தோட்டத்திலிருந்து டெலிபோனில் அவனைப் பற்றி விசாரித்தார்கள். நான் புத்தகத்தைப் புரட்டி அந்த ஒரு சொல்லை வாசித்தேன். “சரி, நன்றி” என்று வைத்துவிட்டார்கள். பிறகு அவன் பட்டணத்தில் வண்டி கழுவும் இடத்தில் இருந்தானென்றும், கெட்ட சகவாசத்தில் சேர்ந்தானென்றும் கேள்விப்பட்டேன். “பார்த்தீர்களா, நான் அன்றே சொன்னேன்” என்று அந்தக் குலம் பேசினவர் மார்தட்டினார். அவருடைய ஜோசியம் பலிக்கும்படி செய்தவன் நானல்லவா!

இவற்றால் அவன் செய்தது களவன்று என்று நான் வாதிக்கவில்லை. வறுமை எத்தனையோ வீடுகளில் இருந்தது. எல்லாப் பிள்ளைகளும் சாக்கைத் தூக்கவில்லை. 1969-ம் ஆண்டில் ஹிர்ஷி என்னும் அறிஞர் கேள்வியையே திருப்பிப் போட்டார்: மக்கள் ஏன் குற்றம் செய்கிறார்கள் என்று கேளாமல், பெரும்பாலோர் ஏன் செய்யாதிருக்கிறார்கள் என்று கேளுங்கள் என்றார். பெற்றோரிடம் பற்று, பள்ளியிலும் வேலையிலும் ஈடுபாடு, நாளைக்கு இழந்துவிடக்கூடிய ஒரு வாழ்வு, சட்டம் நியாயமானது என்னும் நம்பிக்கை ஆகிய கட்டுக்களே மனிதனை நிறுத்துகின்றன என்பது அவர் விடை. ஆஸ்திரேலியாவின் பிரெயித்வெயிட் 1989-ம் ஆண்டில் இதற்கு ஒத்த மற்றொன்று சொன்னார். குற்றம் செய்தவனை வெட்கப்படச் செய். ஆனால் பின்னர் அவனைத் திரும்பச் சேர்த்துக்கொள். சேர்த்துக்கொள்ளாத வெட்கம் அவனை வேறு கூட்டத்துக்குத் துரத்தும் என்றார். நாங்கள் அந்தப் பையனை வெட்கப்படுத்தினோம். சேர்த்துக்கொள்ள மறந்துவிட்டோம்.

நேயர்களே, நான் செய்தவற்றைச் சொல்லி முடிக்கிறேன். முதலில் மேனேஜரிடம் தராசுக் கணக்கைக் கொண்டுபோய் வைத்தேன். கை நடுங்கிற்று. அவர் நெடுநேரம் காகிதத்தைப் பார்த்துவிட்டு, “இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டார். அதற்கு என்னிடம் விடையில்லை. இம்மாதம் முதல் கிராம் வரையில் பதிகிறோம். கணக்கு முடிய அரைமணி நேரம் கூடுதலாகிறது, முடியாமற் போய்விடவில்லை. கழிந்த வருஷங்களின் கூலிக்கு வழி இன்னும் பிறக்கவில்லை. அதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்; சங்கத்தாருக்கும் சொல்லியிருக்கிறேன். இதனால் என் உத்தியோகத்துக்கு என்ன வருமென்பது எனக்குத் தெரியாது.

பிறகு அந்தக் குறிப்பை எழுதினேன். பொய் எழுதவில்லை. “பதினாறாம் வயதில் 18 கிலோ கட்டிப்பால் எடுத்தான், நீதிமன்றம் பிணையில் விட்டது, பிணைக் காலம் குற்றமின்றி முடிந்தது. அதன்பின் இரண்டு வருஷம் கழித்து, இவ்வாபீஸ் சொன்ன ஒரு சொல்லால் வேலை மறுக்கப்பட்டான். தாயாரின் நிரையைக் கேட்கிறான். கொடுக்கலாம்” என்று எழுதிக் கையெழுத்திட்டேன். கீழே என் பெயரைத் தெளிவாக எழுதினேன். பின்னொருநாள் யாரேனும் இக்குறிப்பைப் பற்றிக் கேட்டால் என்னையே கேட்கட்டும் என்று.

மேனேஜர் மூன்று மாதச் சோதனைக்கு ஒப்புக்கொண்டார். சென்ற திங்கட்கிழமை அவன் முதல் நாள் பாலைக் கொண்டுவந்து தராசில் வைத்தான். 19 கிலோ 400 கிராம். நான் எழுதுவதை அவன் எட்டிப் பார்த்தான். நானூறையும் சேர்த்து எழுதியதைக் கண்டு, “ஐயா, சில்லறையையும் எழுதுகிறீர்களா?” என்று கேட்டான். “ஆம் தம்பி” என்றேன். அதற்குமேல் பேச எனக்கு நாவெழவில்லை. அடுத்த ஆள் வாளியோடு காத்திருந்தார்.